வெற்றுத்தாள் கொடுப்பவனைத் திரும்ப எழுத வைப்பது எப்படி?

பத்தாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வின் கணக்கு விடைத்தாள் கட்டைப் பிரிக்கும் எந்த ஆசிரியருக்கும் ஒரு வகைத் தாள் நன்றாகப் பழக்கம். பெயர், வகுப்பு, பிரிவு எல்லாம் முத்து முத்தாக எழுதியிருக்கும். ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு அ, ஆ, இ, ஈ என்று ஏதாவது ஒன்று போட்டிருக்கும். அதற்கப்புறம் வினாத்தாளில் இருக்கும் கேள்விகளே, எண்ணோடு, பிழையில்லாமல், பக்கம் பக்கமாகத் திரும்ப எழுதப்பட்டிருக்கும். விடை என்று ஒரு வரிகூட இருக்காது. கூட்டிப் பார்த்தால் 9 வரும், அல்லது 11.

"படிக்கவே இல்லை, சார்" என்று ஒரே வரியில் இதை முடித்துவிடலாம். ஆசிரியர் அறையில் பெரும்பாலும் அப்படித்தான் முடிகிறது. ஆனால் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து கேள்வியைப் பார்த்து எழுதியவன் சோம்பேறி என்று சொல்ல முடியாது. தான் என்ன எழுதினாலும் மதிப்பெண் வராது என்ற முடிவுக்கு அவன் எப்போதோ வந்துவிட்டான். அந்த முடிவு ஆறாம் வகுப்பில் வந்ததா, எட்டாம் வகுப்பில் வந்ததா என்பதுதான் தெரியாது.

தமிழ்நாட்டில் 2025 பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைச் சுமார் 8.71 லட்சம் பேர் எழுதினார்கள். தேர்ச்சி 93.80 சதவீதம். அதாவது 54 ஆயிரம் பேரளவில் தேறவில்லை. செய்தியில் வருவது இந்த இரண்டு எண்களும்தான். காலாண்டில் 11 எடுத்து, அரையாண்டில் 24 எடுத்து, மார்ச்சில் 41 எடுத்தவர்களின் கணக்கு எங்கும் வராது. அவர்கள் அந்த 93.80க்குள் கரைந்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட ஒருவரை இழுத்துப் பிடித்து வைத்த ஆசிரியர் உண்மையில் என்ன செய்தார் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். கணக்குப் பாடத்தை எடுத்துக்கொள்ளக் காரணம், பிள்ளைகள் அதிகம் கைவிடும் பாடங்களில் அது முன்வரிசையில் நிற்பதுதான்.

தோற்பதாலேயே யாரும் விட்டுவிடுவதில்லை. என்ன செய்தாலும் விளைவு மாறாது என்று பட்டால்தான் விட்டுவிடுகிறார்கள். 1967இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரு உளவியலாளர்கள் நாய்களை வைத்துச் செய்த சோதனையில் இது முதலில் தெளிவாகத் தெரிந்தது. தன்னால் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சியைத் தொடர்ந்து வாங்கிய நாய்களில் பெரும்பாலானவை, பிறகு தப்பிக்க வழி இருந்தபோதும் முயலாமல் படுத்துவிட்டன. (கொடூரமான சோதனைதான்.) கைவிடுதல் என்பது கற்றுக்கொள்ளப்படும் ஒன்று என்ற எண்ணம் அங்கிருந்துதான் வகுப்பறை ஆய்வுகளுக்கு வந்தது.

அந்த வழியில் 1975இல் கரோல் டுவெக் என்ற அமெரிக்க உளவியலாளர் செய்த ஒரு சிறிய ஆய்வு, ஆசிரியர்களுக்கு இன்றைக்கும் மிகவும் பயன்படக்கூடியது என்று நினைக்கிறேன். டுவெக் என்றதும் பலருக்கு, அறிவு வளரக்கூடியது என்ற அவருடைய பிற்காலக் கருத்துதான் நினைவுக்கு வரும். இந்த ஆய்வை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒரு கணக்கு தப்பினால் அடுத்தடுத்த கணக்குகளிலும் நொறுங்கிப்போகும் 12 பிள்ளைகள், வயது 8 முதல் 13 வரை. அவர்களை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதிக்கு எப்போதும் வெற்றி மட்டுமே கிடைக்கும்படி எளிதான கணக்குகள். மறுபாதிக்கும் பெரும்பாலும் எளிய கணக்குகள்தான், ஆனால் இடையிடையே சிலவற்றில் வேண்டுமென்றே இலக்கை எட்ட முடியாதபடி வைத்தார். எட்டாதபோது, "இத்தனை போட்டிருக்க வேண்டும், நீ இத்தனைதான் போட்டாய், இன்னும் முயன்றிருக்கலாம்" என்று அவர்களிடம் சொல்லப்பட்டது.

பயிற்சி முடிந்தபின் இரு பாதியினரையும் மறுபடி தோல்வியைச் சந்திக்க வைத்தார்கள். வெற்றியை மட்டுமே ருசித்தவர்கள் பழையபடியே நொறுங்கினார்கள். தோல்வியை ஒரு காரணத்தோடு சேர்த்துப் பார்க்கப் பழகியவர்கள் தாக்குப்பிடித்தார்கள், சிலர் முன்னைவிட நன்றாகவே போட்டார்கள்.

பன்னிரண்டு பிள்ளைகளை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாது, சரி. ஆனாலும் நம் பள்ளிகளில் நல்ல மனசோடு செய்யப்படும் ஒரு காரியத்தை இது நேராகக் கேள்வி கேட்கிறது. பின்தங்கிய பிள்ளைக்குச் சுலபமானதை மட்டும் கொடுத்து "பார், உனக்கு வருது" என்று தட்டிக்கொடுத்தால் போதும் என்று நினைக்கிறோம். அது போதாது. தப்பு வரும்போது அதை என்ன செய்வது என்று பழக்காத வெற்றிக்கு ஆயுள் குறைவு.

அதே சமயம் "இன்னும் முயன்றிருக்கலாம்" என்ற வாக்கியத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்கினால் அது வேலைக்கு ஆகாது. காலையில் ஏழரை மணி வகுப்பு, மாலையில் சிறப்பு வகுப்பு, அதற்குமேல் டியூஷன் என்று ஓடிவிட்டு 11 எடுத்தவனிடம் போய் முயற்சி போதவில்லை என்றால், அவன் தன்னைப் பற்றி வைத்திருக்கும் தீர்ப்பு உறுதியாகிவிடும்: "இவ்வளவு பண்ணியும் வரலன்னா, எனக்கு மூளையே இல்ல." தோல்விக்குக் காரணம் சொல்லத்தான் வேண்டும். அது அவன் கையால் திருத்தக்கூடிய காரணமாக இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கும் வேலை ஆசிரியருடையது.

நம் ஆசிரியர்கள் இதை எங்கே தொடங்குகிறார்கள்? பெரும்பாலும் வினாத்தாளில்.

பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாள் 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. தேர்ச்சிக்கு 35. அந்த இரண்டு எட்டு மதிப்பெண் வினாக்களில் ஒன்று செய்முறை வடிவியல், மற்றொன்று வரைபடம். இரண்டிலும் 'இது அல்லது அது' என்று தேர்வு உண்டு. இரண்டுக்கும் சேர்த்து 16. ஒரு மதிப்பெண்ணில் ஒன்பது சரியாக வந்தால் 25. இரண்டு மதிப்பெண்ணில் ஐந்து போட்டால் 35. இந்தக் கூட்டலைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிப் போடாத அரசுப் பள்ளிக் கணக்காசிரியர் அபூர்வம். "மினிமம் மெட்டீரியல்" என்று மாவட்டந்தோறும் சுற்றும் சிறு கையேடுகள் எல்லாம் இந்தக் கூட்டலின் மேல் எழுந்தவைதான்.

கல்வியாளர்கள் சிலர் இதைக் கேவலமாகப் பார்ப்பார்கள். தேர்ச்சிக்காகப் பிள்ளையைத் தயாரிக்கிறார்கள், கணக்கைக் கற்றுக்கொடுப்பதில்லை என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் முதலில் அந்தக் கூட்டல் என்ன செய்கிறது என்று பாருங்கள். "கணக்கு" என்ற ஒற்றை மலை, தனித்தனியாக எண்ணக்கூடிய சில வேலைகளாகப் பிரிகிறது. இந்த வாரம் தொடுகோடு வரையப் பழகினால் எட்டு மதிப்பெண் என்று அவன் கண்ணுக்குத் தெரிகிறது. செய்ததற்கும் கிடைத்ததற்கும் இடையே அறுந்துபோன கயிற்றில் முதல் முடிச்சு விழுகிறது.

கைதேர்ந்தவர்கள் எதிலிருந்து தொடங்குவது என்பதிலும் கவனமாக இருப்பார்கள். பாடநூலின் முதல் இயல் 'உறவுகளும் சார்புகளும்'. தலைப்பு மிரட்டும். உள்ளே முதலில் வருவது கார்ட்டீசியன் பெருக்கல். A என்ற கணத்தில் 2, 3. B என்ற கணத்தில் 1, 4. A×B என்றால் (2,1), (2,4), (3,1), (3,4). அவ்வளவுதான். இதற்கு வாய்ப்பாடு வேண்டாம், வகுத்தல் வேண்டாம், மைனஸ் குறியோடு மல்லுக்கட்ட வேண்டாம். கீழ் வகுப்பில் விட்ட எந்த பாக்கியும் இங்கே குறுக்கே வராது. ஒன்பது வருடம் கணக்கில் தோற்றவனும் ஜூன் மாதத்து முதல் வாரத்தில், வகுப்பின் முதல் மாணவன் போடும் அதே கணக்கை அதே நேரத்தில் போட்டு முடிக்கலாம். அதைக் கவனித்து அந்த வாரமே ஒரு ஸ்லிப் டெஸ்ட் வைப்பவர் விவரமான ஆசிரியர்.

சரி, இதோடு நின்றால்? டுவெக்கின் முதல் பாதிப் பிள்ளைகள் கதைதான். மினிமம் மெட்டீரியலில் வந்த இருபது கணக்கை மனப்பாடம் செய்தவன், கேள்வியில் எண் மாறிய அன்றைக்கு மறுபடி வெற்றுத்தாளுக்குத் திரும்புவான். அதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. 'உனக்கு இவ்வளவுதான்' என்று பள்ளியே கணக்குப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டது என்று அவன் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே அந்த 35ஐ வீட்டுக்குள் நுழையும் வாசலாக வைக்கும் ஆசிரியரும், அதையே வீடாகக் கட்டிக்கொடுக்கும் ஆசிரியரும் ஒரே கையேட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். வித்தியாசம் அக்டோபருக்குப் பிறகுதான் தெரியும்.

தப்பு வருமிடத்துக்கு வருவோம். வரைபடக் கணக்கு சுலபம் என்று சொல்லித்தான் கொடுக்கிறோம். y = x² + x − 2 வரைய வேண்டும். அட்டவணை போட்டு, x மதிப்பு −3 முதல் 3 வரை. x = 3 என்றால் 9 + 3 − 2 = 10. சரியாக வந்துவிடும். x = −3 என்றால் 9 − 3 − 2 = 4 வர வேண்டும். நம் பையன் (−3)² என்பதற்கு −9 என்று எழுதுவான். பிறகு −9 − 3 − 2 = −14. இப்படியே −2க்கும் −1க்கும் போட்டால் இடப்பக்கப் புள்ளிகள் எல்லாம் கீழே கீழே போகும். பரவளையம் வர வேண்டிய இடத்தில் எதுவோ ஒன்று வரும். அளவுத்திட்டம் சரி, அச்சு சரி, புள்ளி வைத்ததும் சரி. ஆனால் படம் தப்பு. அவன் பார்வையில், எல்லாம் சொன்னபடி செய்தும் வரவில்லை. கைவிடுவதற்கு இதைவிட நல்ல காரணம் யாருக்கு வேண்டும்?

பலவீனமான ஆசிரியர் இங்கே "டேபிள் தப்பு, திரும்பப் போடு" என்பார். நல்லவர் தப்பைப் படிப்பார்.

மைனஸ் குறியில் பிள்ளைகள் செய்யும் தப்புகள் எல்லாம் ஒரே ரகம் அல்ல. ஐந்தே ஐந்து கணக்கைத் துண்டுச்சீட்டில் கொடுத்தால் போதும், யாருக்கு என்ன சிக்கல் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். −7 + 3க்கு −10 என்று எழுதுபவன் இரண்டு எண்ணையும் கூட்டிவிட்டு முன்னால் இருந்த குறியை ஒட்டவைக்கிறான். 7 − 10க்கு 3 என்று எழுதுபவன் எப்போதும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கும் மூன்றாம் வகுப்புப் பழக்கத்தை இன்னும் விடவில்லை. −7 − 3க்கு 10 என்று எழுதுபவன் இருக்கிறானே, அவன்தான் சுவாரசியமானவன். "மைனஸும் மைனஸும் சேர்ந்தா பிளஸ்" என்று பெருக்கலுக்குச் சொன்ன விதியைக் கூட்டலில் கொண்டுவந்து போட்டிருக்கிறான். அவன் பாடத்தைக் கவனித்திருக்கிறான், நினைவிலும் வைத்திருக்கிறான். விதியை இறக்கிய இடம்தான் தப்பு.

இதை அவனிடம் அப்படியே சொல்லும்போது நடப்பதைப் பார்க்க வேண்டும். "தம்பி, நீ ரூலை மறக்கல. கரெக்டா ஞாபகம் வச்சிருக்க. பெருக்கலுக்குப் போட வேண்டியதைக் கூட்டல்ல போட்டுட்ட, அவ்வளவுதான்." தன்னை முட்டாள் என்று நினைத்திருந்தவனுக்குத் தன் தப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது, அது குணமாகக்கூடியது என்று முதல்முறையாகத் தெரிகிறது. எந்தப் பாராட்டும் இந்த வேலையைச் செய்யாது.

முழுக்களின் கூட்டல் கழித்தல் கீழ் வகுப்புப் பாடம், ஏழாம் வகுப்போடு முடிந்திருக்க வேண்டியது. பத்தாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பவன் கையில் ஏழாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் அவன் அதைத் தொடமாட்டான். பதினைந்து வயதுக்கு மானம் பெரிது. பெண்பிள்ளைகள் வாங்கிக்கொண்டு பைக்குள் மறைத்துவிடுவார்கள், பையன்கள் ஒரு ஜோக் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், இரண்டும் ஒன்றுதான். அதனால் அனுபவசாலிகள் அந்தப் பழைய பாடத்தைப் பத்தாம் வகுப்புக் கணக்குக்குள்ளேயே ஒளித்துவைப்பார்கள். இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தும் நாளில், x² + 3x − 10க்குப் பெருக்கினால் −10, கூட்டினால் 3 வரும் இரண்டு எண் எது என்று வகுப்பு முழுவதையும் ஐந்து நிமிடம் தேட விடுவார்கள். எல்லாரும் தேடுகிறார்கள். ஏழாம் வகுப்பு பாக்கி யாருக்கு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் அது அடைகிறது.

அரசும் கீழ் வகுப்புகளில் இதைத்தான் செய்யப் பார்க்கிறது. 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்து, எந்த நிலையில் இருக்கிறார்களோ அங்கிருந்து கற்றுக்கொடுக்கிறார்கள். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு பீகார், உத்தரப்பிரதேசம் போன்ற மாநிலங்களில் நீண்டகாலமாகச் செய்துவருவதும் வயதைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துக் குழு சேர்ப்பதுதான். அந்த முறைக்கு நல்ல பலன் உண்டு என்று கட்டுப்பாட்டுக் குழுக்களோடு நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் ஏழு வயதில் வேறு குழுவில் உட்காருவதும் பதினைந்து வயதில் உட்காருவதும் ஒன்றல்ல. உயர்நிலைப் பள்ளியில் 'மெல்லக் கற்போர்' பட்டியலை வகுப்பில் உரக்க வாசித்துத் தனியாக எழுப்பிக் கூட்டிப்போகும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அந்த ஒரு நிமிடம் செய்யும் சேதத்தை மாலை வகுப்பு ஒரு மாதம் நடந்தாலும் ஈடுகட்டாது என்பது என் கருத்து.

இனி ஆறுதல் பற்றி. இதில் கெட்ட ஆசிரியர்களைவிட நல்ல ஆசிரியர்கள்தான் அதிகம் சறுக்குகிறார்கள். "பரவாயில்லப்பா, கணக்கு எல்லாருக்கும் வராது. உனக்கு வேற ஏதாவது வரும். பதினொண்ணாவதுல வரலாறு குரூப் எடுத்துக்கலாம்." இரக்கத்தோடு சொல்லப்படும் வார்த்தைகள். அனீதா ராட்டன், கேத்தரின் குட், டுவெக் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதே பேச்சைத்தான் சோதித்தது. கணக்குத் திறமை என்பது பிறவியிலேயே அமைவது என்று நம்பும் ஆசிரியர்கள், ஒரே ஒரு தேர்வில் குறைந்த மதிப்பெண் எடுத்தவருக்கும் இப்படி ஆறுதல் சொல்லவும் வீட்டுப்பாடத்தைக் குறைக்கவும் அதிகம் முனைந்தார்கள். மாணவர் பக்கத்திலிருந்து பார்த்தபோது, அந்த ஆறுதலைக் கேட்டவர்கள் ஆசிரியர் தன்மேல் நம்பிக்கை இழந்துவிட்டார் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஊக்கம் குறைந்தது. இறுதியில் தாங்கள் வாங்கப்போகும் மதிப்பெண்ணையும் குறைவாகவே கணித்தார்கள். இரக்கம், காதில் விழும்போது தீர்ப்பாக மாறிவிடுகிறது.

இதற்கு நேர் எதிர்த்திசையில் 2014இல் டேவிட் யேகரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆசிரியர்கள் வழக்கம்போல ஓரத்தில் திருத்தங்கள் எழுதினார்கள். பிறகு ஆய்வாளர்கள் ஒவ்வொரு தாளிலும் ஒரு குறிப்பை ஒட்டினார்கள். பாதிப்பேருக்கு, 'உன் கட்டுரை பற்றி உனக்குத் தெரியட்டும் என்று இவற்றை எழுதியிருக்கிறேன்' என்ற சாதாரணக் குறிப்பு. மீதிப்பேருக்கு, 'உன்னிடம் நான் நிறைய எதிர்பார்க்கிறேன், உன்னால் அதை எட்ட முடியும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவற்றை எழுதியிருக்கிறேன்' என்ற குறிப்பு. கட்டுரையைத் திருத்தி எழுதுவது கட்டாயம் இல்லை. கறுப்பின மாணவர்களில் முதல் குறிப்பைப் பெற்றவர்களில் 17 சதவீதம்தான் திருத்தி எழுதினார்கள். இரண்டாவது குறிப்பைப் பெற்றவர்களில் அது 70 சதவீதத்தைத் தாண்டியது. வெள்ளையின மாணவர்களிடமும் ஏற்றம் உண்டு, ஆனால் இவ்வளவு இல்லை. தன் கூட்டத்தைப் பற்றி ஆசிரியர் என்ன நினைக்கிறார் என்ற சந்தேகம் யாருக்கு ஏற்கெனவே இருந்ததோ, அவருக்குத்தான் அந்த ஒரு வரி அதிகம் தேவைப்பட்டது. ஊரின் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்பது முதல் நாளே எல்லாருக்கும் தெரிந்துவிடும் நம் வகுப்பறைகளில் இதன் பொருளை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. அந்தத் தாள்களில் உண்மையான திருத்தங்கள் இருந்தன. குறிப்பு அவற்றுக்கு மாற்றாக ஒட்டப்படவில்லை. சிவப்பு மையில் ஒரு பெரிய சுழியும் கீழே 'வெரி குட், கீப் இட் அப்' முத்திரையும் போட்டுத் திருப்பித் தரும் நோட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எதிர்பார்ப்பை உயர்த்துவது எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு யூரி டிரைஸ்மன் என்ற கணிதவியலாளர் 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெர்க்லியில் செய்தது பெயர்பெற்ற உதாரணம். அங்குள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் பெரும் எண்ணிக்கையில் தோற்றுக்கொண்டிருந்தார்கள். குடும்பம் சரியில்லை, அடித்தளம் சரியில்லை, ஊக்கம் இல்லை என்று பேராசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். டிரைஸ்மன் இருபது கறுப்பின மாணவர்களையும் இருபது சீன வம்சாவளி மாணவர்களையும் பின்தொடர்ந்து அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்தார். முதல் இருபதில் 18 பேர் எப்போதும் தனியாகப் படித்தார்கள். சீன வம்சாவளி மாணவர்களில் பலர் கூடி உட்கார்ந்து, ஒருவர் தப்பை ஒருவர் பிடித்து, இந்தக் கணக்கு நமக்கு மட்டும் கஷ்டமில்லை எல்லாருக்கும் கஷ்டம்தான் என்று தெரிந்துகொண்டு படித்தார்கள். தனியாகப் படிப்பவனுக்கு அந்தத் தகவல் கிடைக்கவே வழியில்லை. கணக்கு வரவில்லை என்றால் தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்துக்கொள்வான்.

டிரைஸ்மன் தொடங்கிய பட்டறையில் எளிய கணக்கு கொடுக்கப்படவில்லை. வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் குழுவாக உட்கார்ந்து போட வைத்தார். சேர்ந்தவர்களின் தேர்ச்சி தெளிவாக உயர்ந்தது. இதை அப்படியே நம் பத்தாம் வகுப்புக்குப் பொருத்த முடியாது. பெர்க்லிக்கு வந்தவர்கள் தத்தம் பள்ளியில் நன்றாகப் படித்தவர்கள். நம் பையனுக்கு (−3)² இடிக்கிறது. ஆனாலும் நம்முடைய மாலைச் சிறப்பு வகுப்பை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தோற்றவர்களை மட்டும் தனியாக உட்காரவைத்து, பேசாமல், ஒரே கணக்கைப் பத்துத் தடவை எழுத வைக்கிறோம். டிரைஸ்மன் எதையெல்லாம் நோய் என்று கண்டாரோ அதையெல்லாம் மருந்தாகக் கொடுக்கிறோம்.

வகுப்பறைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் சின்ன விஷயங்களும் உண்டு. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை அலசி, கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார் என்று காட்டினார். நன்றாகப் படிப்பவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு விநாடி கிடைத்தது. பின்தங்கியவர்களுக்கு ஒரு விநாடிகூட இல்லை. யாருக்கு யோசிக்க அதிக நேரம் தேவையோ அவருக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது. ஆசிரியர் இதை வன்மத்தோடு செய்வதில்லை. பாவம், எல்லார் முன்னாலும் திணற விடக் கூடாதே என்று அடுத்தவனைக் கேட்டுவிடுகிறார். மறுபடி இரக்கம்தான்.

பொதுத்தேர்வில் முதலிடம் இரண்டாமிடம் அறிவிப்பதைத் தமிழ்நாடு 2017இலேயே நிறுத்திவிட்டது. வகுப்பில் மதிப்பெண்ணை உரக்கப் படித்துத் தாள் கொடுப்பதைப் பல பள்ளிகள் இன்னும் நிறுத்தவில்லை. 11 என்று காதுபடக் கேட்டவனுக்கு அடுத்த தேர்வில் இரண்டு வழி. முயன்று 14 எடுத்து முட்டாள் பட்டம் வாங்குவது ஒன்று. படிக்காமலே போய் 11 எடுத்து "நான் புக்கையே தொடலடா" என்று சொல்லிக்கொள்வது இன்னொன்று. மார்ட்டின் கவிங்டன் 1979இல் இதை ஆராய்ந்து எழுதியபோது முயற்சியை இருபக்கமும் வெட்டும் கத்தி என்றார். முயன்று தோற்பது, முயலாமல் தோற்பதைவிட மானக்கேடு. கடைசி பெஞ்சில் சேட்டை செய்பவன், தேர்வன்று மட்டும் வயிற்றுவலி வருபவன், நோட்டை எப்போதும் மறப்பவன், இவர்களில் பாதிப்பேர் தங்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். மதிப்பெண்ணை மடித்துக் கொடுப்பது, ஸ்லிப் டெஸ்ட்டை மறுபடி எழுத விட்டு இரண்டில் அதிகமானதைப் பதிவது போன்ற காசு செலவில்லாத வேலைகள், முயல்வதால் வரும் ஆபத்தைக் குறைத்துவிடுகின்றன.

சுவரில் ஒட்டும் 'முயன்றால் முடியும்' அட்டைகளைப் பற்றியும் கேட்பீர்கள். 2019இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்று, அறிவு வளரக்கூடியது என்று ஒன்பதாம் வகுப்பினருக்கு ஒரு மணி நேரத்துக்குள் கணினியில் சொல்லிக்கொடுத்துப் பார்த்தது. பன்னிரண்டாயிரம் பேருக்குமேல் கலந்துகொண்டார்கள். பின்தங்கியவர்களின் மதிப்பெண் நான்கு புள்ளி அளவுகோலில் 0.1 அளவுக்கு உயர்ந்தது. சிறிதுதான், ஆனால் பொய்யில்லை. 2022இல் அதே தரவை இன்னும் அலசியபோது, கணக்கில் பலன் கிடைத்தது ஆசிரியரும் அதை நம்பிய வகுப்புகளில்தான் என்று தெரிந்தது. அட்டை என்ன சொல்கிறது என்பதைவிட அதன்கீழே நிற்பவர் தாளைத் திருப்பித் தரும்போது என்ன சொல்கிறார் என்பதைப் பிள்ளைகள் கவனிக்கிறார்கள்.

இவ்வளவையும் படிக்கும் ஆசிரியர் ஒருவர், "எல்லாம் சரி, எனக்கு நேரம் எங்கே?" என்று கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. இரண்டு மூன்று பிரிவுக்கு ஒரே கணக்காசிரியர், இடையில் எமிஸ் என்ற அரசின் பள்ளித் தகவல் தளத்தில் பதிவேற்றம், தேர்ச்சி குறைந்தால் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். தப்பைப் படித்துத் திருத்தும் வேலைக்குக் கிடைக்கும் பலன் ஆறு மாதம் கழித்துத் தெரியும். மனப்பாடத்துக்குக் கிடைக்கும் பலன் அடுத்த திருப்புதல் தேர்விலேயே தெரியும். நூறு சதவீதத் தேர்ச்சி என்ற பலகைக்காக ஒன்பதாம் வகுப்பிலேயே வடிகட்டி, டிசி கொடுத்து அனுப்பிவிடும் பள்ளிகளும் இருக்கின்றன. அங்கே ஆசிரியருக்கு முன்னால் பள்ளியே அந்தப் பிள்ளையைக் கைவிட்டுவிடுகிறது. எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை என்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்பவர்களும் உண்டு. ஏழாம் வகுப்பில் மைனஸ் குறி புரியாதவனை அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்காரவைத்தால் மட்டும், அதே விதியை அதே மாதிரி சொல்லிக்கொடுத்தால் மட்டும், எப்படிப் புரியும் என்று அவர்கள் விளக்குவதில்லை.

இத்தனைக்கும் பிறகு தேறாதவர்கள் இருப்பார்கள். முடிவு மே மாதத்தில் வருகிறது, துணைத் தேர்வு ஜூலை வாக்கில். இடையில் விண்ணப்பிக்கக் கிடைப்பது கொஞ்ச நாள்தான். பல பள்ளிகளில் அதற்கான பயிற்சி வகுப்பும் நடக்கிறது. ஆனால் தேறாதவன் அந்த நாட்களில் பள்ளிப் பக்கம் தலைகாட்ட மாட்டான். மாமா ஊருக்குப் போயிருப்பான், அல்லது கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போயிருப்பான். பெண்ணாக இருந்தால் வீட்டில் வேறு பேச்சு தொடங்கியிருக்கும். அதனால் சில ஆசிரியர்கள் முடிவு வந்த அன்று சாயங்காலமே போனை எடுக்கிறார்கள். பேச்சு நீளமாக இருக்காது. "28 வாங்கியிருக்க. இன்னும் ஏழுதான். கிராப் போட்டியா? டேபிள்ல மைனஸ் பார்த்தியா? திங்கட்கிழமை ஸ்கூலுக்கு வா, அம்மாவையும் கூட்டிட்டு வா, ஃபாரம் நான் நிரப்பித் தர்றேன்."